ஒரு போத்தல் பாலும் எட்டாவது சுற்றும்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு தடவைதான் திருடியிருக்கிறேன். திருடிய பொருள், ஒரு போத்தல் ரப்பர் பால். திருடிய இடம், என் சொந்த அப்பாவின் வாளி.

காசு, நகை என்று மற்றவர்கள் கௌரவமாகத் திருடுகிற எதையும் தொட எனக்குத் தைரியம் இருந்ததில்லை. (பக்கத்து லயத்து, அதாவது பக்கத்து வரிசை வீட்டுச் சேவல் விஷயத்தில் ஒரு முயற்சி நடந்தது உண்மை. சேவல்தான் ஜெயித்தது. ஆகவே அதைச் சேர்க்கவில்லை.) அந்த ஒரு போத்தல் பாலை எடுத்துக்கொண்டு போய் என் மோட்டார் பைக்கின் டயருக்குள் ஊற்றினேன். ஏன் என்று கேட்பீர்கள். முழுக்கதையையும் சொல்லி முடித்த பிறகும் இவனுக்குப் பைத்தியம் என்றுதான் நினைப்பீர்கள், ஆனால் அது எப்படிப் பிடித்தது என்ற விவரமாவது தெரிந்திருக்கும்.

எங்கள் தோட்டம் இலங்கையில், கஹவத்தையிலிருந்து றக்வான போகிற பக்கம். மேலே தேயிலை, கீழே ரப்பர். அம்மா மேலே கொழுந்து பறிக்கப் போவார், அப்பா கீழே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த நான் எந்தப் பக்கமும் போகாமல் கஹவத்தை பஜாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் பெயின்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. அந்த வயதில் புத்தியைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

பைக்கும் இருந்தது. இந்தியாவில் செய்த நூற்றைம்பது சீசீ பைக், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. வாங்கும்போது அது சாதுவான பிள்ளையாகத்தான் இருந்தது. பின்னால் சாமான் வைக்கக் கெரியர், சேலை சிக்காமல் இருக்கக் கம்பி, அகலமான சீட். சனிக்கிழமைகளில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, அரிசிப் பையைக் கெரியரில் கட்டி பஜாரிலிருந்து கூட்டிவருவேன். அம்மாவுக்கு அந்தப் பைக் மேல் உயிர்.

அப்புறம் நான் போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். குறைந்த விலைப் பைக்கை ரேஸ் பைக்காக மாற்றுவது எப்படி என்று உலகத்தில் எத்தனை பேர் வேலைவெட்டி இல்லாமல் சொல்லித்தருகிறார்கள் தெரியுமா? முதலில் கெரியர் போனது. பாரம் குறையணுமாம். அடுத்து சேலைக் கம்பியும் அகலச் சீட்டும் போயின. பிறகு ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, குனிந்து பிடிக்கிற மாதிரி தாழ்ந்த ஹேண்டில் போட்டேன். அதில் ஏறி முதல்நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஓடிவந்து, "ஏன்டா சாமி, வயித்த வலியா?" என்று கேட்டார். "இல்லம்மா, இதுதான் ரேஸ் ஸ்டைல்" என்றேன். "அப்ப ரேசு ஓட்டுறவங்களுக்கெல்லாம் வயித்த வலியா?" என்றார். அதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

சைலன்ஸர் மாற்றிய கதை இன்னும் மோசம். அந்தச் சத்தத்தோடு நான் பங்களா முடக்கில், அந்த வளைவில் திரும்பியபோது, கொழுந்து லொறி வருகிறதென்று நினைத்து ஸ்டோர் வாச்சர் ஓடிவந்து கேட்டை அகலத் திறந்துவிட்டார். நான் அவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அப்பாவும் பேசவில்லை. ஆனால் அது வேறு மாதிரிப் பேசாமை. அந்த நாட்களில்தான் றக்வான ரோட்டில் ஒரு வளைவில் பைக்கோடு விழுந்து கிடந்த ஒரு பொடியனை அப்பாதான் தூக்கி லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பொடியன் பிழைத்துக்கொண்டான். அன்று அப்பா உடுத்தியிருந்த சாரத்தை அம்மா மூன்று தரம் துவைத்தார், அப்பா அதைத் திரும்பத் தொடவில்லை. அதிலிருந்து நான் வேலை முடிந்து வரும்போது பைக் சத்தம் முடக்கில் கேட்டதும் அப்பா வாசலுக்கு வருவார், என்னை ஒரு பார்வை பார்ப்பார், உள்ளே போய்விடுவார். அவர் என் பைக்கை ரசிக்கத்தான் வருகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னேனே, புத்தியைத் தவிர என்று.

கடையில் என்னோடு வேலை செய்த சமிந்ததான் ரேஸ் விஷயத்தைக் கொண்டுவந்தான். கடைக்குச் சாமான் ஏற்றுகிற சின்ன லொறியை ஓட்டுகிறவன், என்னைவிட ஒரு வயது மூத்தவன், தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். "மச்சாங், கீழ ஒரு ட்ரெக் இருக்கு. புது ஆளுங்களுக்கு எட்டு ரவுண்ட் ரேஸ். பேர் குடுக்குறியா?" என்றான். அவன் கேட்டு முடிக்கவில்லை, நான் பேர் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்ன அன்று அம்மா அழுதார். அப்பா சாப்பிட்டுக் கை கழுவி, துண்டால் துடைத்து, ஒரு பீடியைப் பற்றவைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எத்தன சுத்து?"

"எட்டுப்பா."

"சரி. போ. எட்டு சுத்தையும் முழுசா முடிச்சுட்டு வந்து என் முன்னுக்கு நில்லு. பஸ்ட்டு வா, கடைசியா வா, எனக்கு அது தேவல்ல. முடிச்சுட்டா இந்த சென்மத்துல பைக்கப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். முடிக்காட்டி, அடுத்த நாளே குமாருக்கு வித்துரணும். அவன் கேட்டுகிட்டே இருக்கான்."

குமார் வேன் ஓட்டுகிறவன். என் பைக் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். எதிரில் பார்த்தால் என்னிடம் சுகம் விசாரிக்க மாட்டான், பைக்கிடம்தான் விசாரிப்பான். நான் அப்பாவிடம் சரி என்று தலையாட்டிவிட்டேன். எட்டுச் சுற்று முடிப்பது என்ன பெரிய விஷயம்? முதலாவதாக வந்தால் கப்பை எங்கே வைப்பது என்பதுதான் அன்று ராத்திரி என்னுடைய கவலையாக இருந்தது.

ரேசுக்கென்று இரண்டு மெத்தென்ற ரப்பர் டயர் வாங்கிப் போட்டேன். மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்தது. அப்பா அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "எத்தன வருசம் வரும்?" என்றார். "ரேஸ் டயர்ப்பா, சீக்கிரம் தேஞ்சிரும். அதுதான் நல்ல டயர்" என்றேன். இருபத்தெட்டு வருஷமாக ரப்பர் வெட்டுகிற மனிதரிடம் நான் சொன்ன வார்த்தை இது.

இப்போதுதான் பால் வருகிறது.

டயரில் பஞ்சர் விழுந்தால் தானே அடைத்துக்கொள்ள உள்ளே ஒரு திரவம் ஊற்றுவார்கள். வீடியோவில் பார்த்திருந்தேன். ரேஸ் நடுவில் பஞ்சர் ஆனால் எட்டுச் சுற்று முடியாதே, பைக் போய்விடுமே என்று எனக்குப் பயம். அதை வாங்கப் போனால் கடைக்காரர், "ஸ்டொக் நே மல்லி, இம்போர்ட் நே" என்று, ஸ்டொக்கே இல்லை தம்பி என்று கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அந்தத் திரவத்தில் என்ன இருக்கிறது என்று போனில் தேடினேன். முதல் வரியிலேயே போட்டிருந்தது, ரப்பர் பால்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. அடப்பாவிகளா, எங்கள் தோட்டத்துப் பாலையா சீசாவில் அடைத்து எங்களுக்கே விற்கிறீர்கள்? இது எங்கள் வீட்டுச் சாமான் ஆயிற்றே!

ரப்பர் தோட்டத்தில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மரத்திலிருந்து வந்த பால் அப்படியே விட்டால் உறைந்துவிடும். உறையாமல் இருக்கத்தான் அமோனியா கலப்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நான் சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானம் ‘சி’ எடுத்தவன். காற்றுப் படுவதால்தான் பால் உறைகிறது, டயர் இறுக மூடியது, ஆகவே உள்ளே உறையாது என்று நானே ஒரு ஆராய்ச்சி செய்து முடிவெடுத்துவிட்டேன். டயருக்குள் இருப்பதே காற்றுதான் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். காலை பத்து மணிக்கு மேல் அப்பா மரத்துச் சிரட்டைகளிலிருந்து பாலை வாளியில் சேர்த்துவிட்டு, அளந்து கொடுக்க ஸ்டோருக்குப் போகுமுன் பீலியில் விழுகிற மலைத்தண்ணியில் முகம் கழுவப் போவார். அந்த இரண்டு நிமிடம் வாளி தனியாக இருக்கும். பற்றைக்குள் ஒளிந்திருந்து, ஒரு வெறும் சாராயப் போத்தலை அமுக்கி நிரப்பிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். பின் டயருக்கு முக்கால்வாசி, முன் டயருக்கு மிச்சம். வால்வைக் கழற்றி, ஆஸ்பத்திரி ஊசிக்குழாயால் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏற்றினேன். காற்று அடித்து, புது டயர் தேயக்கூடாதென்று ஞாயிற்றுக்கிழமை வரை பைக்கை வீட்டுக்குப் பின்னால் படங்கு போட்டு மூடி, அசைக்காமல் நிறுத்தி வைத்தேன்.

ஐந்து நாள் அசைக்காமல். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிய சமிந்தவின் லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தனியாகப் போய் மானத்தை வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் லயத்தில் ஒருவன் ரேஸ் ஓட்டப் போகிறான் என்றதும் பதினாறு பேர் வேன் பேசிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் கூடை கூடையாக. வேன் யாருடையது? குமாருடையது. அவன் ட்ரெக்கில் இறங்கியதும் நேரே வந்து பைக்கின் டேங்கைத் தடவிக் கொடுத்து, "பத்திரமா ஓட்டு தம்பி, கீறல் விழுந்துராம" என்றான். நான் உயிரோடு வரவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெயில் கொளுத்துகிற வெட்டவெளியில் வளைந்து வளைந்து போகிற ஒரு சின்னத் தார்ப் பாதை, அதுதான் ட்ரெக். பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒரு சிங்கள ஐயா, எல்லோரும் கூப்பிடுகிறபடி மாத்தயா, ஒவ்வொரு பைக்காகப் பரிசோதித்துக்கொண்டு வந்தார். அவர்தான் அங்கே தலைவர், விசில், கொடி, மைக் எல்லாம் அவர் கையில். பிரேக் பார்த்தார், செயின் பார்த்தார், காற்று அளக்க என் பின் டயர் வால்வை அமுக்கினார். உஸ்ஸென்றது. தொப்பி மாத்தயா இரண்டடி பின்னால் போனார்.

"மொகக்த மே கந்த?" என்றார். என்ன இந்த நாற்றம் என்று கேட்கிறார்.

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துப் பைக்குகளில் இருந்தவர்கள் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்கள். சமிந்த மூக்கைப் பொத்திக்கொண்டு, "மச்சாங், எலி ஏதாச்சும் செத்திருக்கா?" என்றான். நான் திரும்ப மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டு வாசனைதான் வந்தது. கெட்ட ரப்பர் பாலின் வாடையில் பிறந்து, அதிலேயே தவழ்ந்து, அதிலேயே சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அது ஒரு நாற்றம் என்று யார் சொல்லிக் கொடுத்தது? நல்ல காலம், நாற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் தடை இல்லை. மாத்தயா கையை உதறிவிட்டு அடுத்த பைக்குக்கு ஓடிவிட்டார்.

ரேசுக்கு முன்னால் பழகிப் பார்க்க மூன்று சுற்று விட்டார்கள். மெதுவாகப் போகும்போது பின்சக்கரம் டப், டப் என்று தட்டியது. புது டயர், அப்படித்தான் இருக்கும் என்று ஆக்சலேட்டரைத் திருகினேன். அறுபதில் ஹேண்டில் உதறத் தொடங்கியது. எழுபதில் என் பல் ஒன்றோடு ஒன்று மோதுகிறது, கண்ணில் ட்ரெக் இரண்டாகத் தெரிகிறது, பைக் என்னை உதறித் தள்ளப் பார்க்கிறது. மேட்டில் நின்ற எங்கள் ஆட்கள் அதை ஏதோ ரேஸ் வித்தை என்று நினைத்து விசிலடித்தார்கள். அரைச் சுற்றோடு நான் ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கை இரண்டும் மரத்துப்போய் ஹெல்மெட்டைக் கூடக் கழற்ற முடியவில்லை.

சமிந்த பேரிங் பார்த்தான், நட்டு பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே டயர் மாற்றிக்கொடுக்க ஒருவர் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் கொண்டுபோனோம். சக்கரத்தை எப்படிச் சுற்றிவிட்டாலும் ஒரே பக்கம் கீழே வந்து நிற்கிறது. "உள்ள என்னமோ இருக்கு" என்று டயரின் விளிம்பை நெம்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. டயர்க்காரர் எழுந்து ஓடினார். சமிந்த அவருக்கு முன்னால் ஓடினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் பார்சலை அப்படியே மூடி வைத்துவிட்டார். ஐந்து நாளாக ஒரே இடத்தில் நின்ற டயரின் அடியில், ஊற்றின பால் முழுக்க உறைந்து, அழுகி, வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கட்டியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. டயர்க்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். தூரத்திலிருந்தே, "மட்ட பே மல்லி!" என்று கும்பிட்டார். என்னால் முடியாது என்கிறார். நானே ஒரு ஸ்க்ரூட்ரைவரால் தோண்டினேன். சவ்வு மாதிரி இழுபடுகிறதே தவிர வரவில்லை. ரேசுக்கு இன்னும் நாற்பது நிமிடம். குமார் கிட்டே வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டே, "ரெண்டு டயரும் மாத்தணும் போல. சரி, நான் பாத்துக்கிறேன் தம்பி" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

அப்போதுதான் மேட்டிலிருந்து அப்பா இறங்கி வந்தார். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. காற்று சொல்லியிருக்க வேண்டும்.

டயருக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ ஊத்துன?"

"ஒரு போத்தல்ப்பா."

"அமோனியா?"

நான் தலையைக் குனிந்தேன்.

அப்பா திரும்பி மேட்டைப் பார்த்தார். அவர் பேசாமல் திரும்பிப் போயிருந்தால் போதும். பைக் குமார் வீட்டுக்குப் போயிருக்கும், அப்பா அதற்குப் பிறகு மாலையில் வாசலுக்கு வந்து நிற்கவேண்டிய தேவையும் இருந்திருக்காது. அவர் ஆசைப்பட்டது அதுதானே. நானும் மனதுக்குள் பைக்குக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். கையை முழங்கை வரை டயருக்குள் விட்டார். கட்டியின் ஒரு ஓரத்தைப் பெருவிரலால் கிளப்பி, சுருட்டி, சுருட்டி, இழுத்தார். தினமும் முந்நூறு சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுக்கிற கை அது. கட்டி முழுசாக, ஒரு பிசிர் மிச்சமில்லாமல், ஒரே துண்டாகக் கழன்று வந்தது. "முன் சக்கரத்தக் கழட்டு" என்றார். அதையும் அப்படியே உரித்தார். பிறகு சோப்பும் தண்ணியும் கேட்டு இரண்டு டயரையும் உள்ளே தேய்த்துக் கழுவி, தன் தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்தார். டயர்க்காரர் கிட்டே வந்து நின்று வாயைப் பிளந்து பார்த்தார். அப்புறம் அவரே டயரைப் பூட்டிக் காற்றடித்துக் கொடுத்தார்.

"ஏன்ப்பா?" என்றேன்.

"கெட்டுப்போனது என் பாலு. இத்தன பேரு முன்னுக்கு அத விட்டுட்டு நான் எப்புடிப் போறது? போ, போயி நில்லு. நேரமாச்சு."

அந்த இரண்டு கட்டியையும் ரொட்டி கொண்டுவந்த பையில் போட்டு முடிந்துகொண்டு மேட்டுக்கு ஏறினார். அம்மா அவரைக் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி உட்காரச் சொன்னதை நான் அங்கிருந்தே பார்த்தேன்.

ரேஸைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு பைக் புறப்பட்டது. முதல் வளைவில் நான் பன்னிரண்டாவது. இரண்டாவது வளைவிலும் பன்னிரண்டாவது. இந்த விஷயத்தில் கடைசி வரை நான் தடுமாறவே இல்லை. நாலாவது சுற்றில் புல்லுக்குள் போய் ஒரு மாட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். ஆனால் பைக் ஓடியது ஐயா! ஒரு உதறல் இல்லை. முன்னால் போனவர்கள் திரும்ப என் பின்னால் வந்து, என்னைத் தாண்டி, திரும்ப முன்னால் போனார்கள். அதைப் பற்றி எனக்கு வெட்கமே வரவில்லை. முடித்தால் போதும், முடித்தால் போதும் என்றே ஓட்டினேன். ரேஸ் முடிந்ததென்று கட்டம் போட்ட கட்டக்கொடி ஆடியது. கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி, நேரே அப்பா முன்னால் போய் நின்றேன்.

"முடிச்சுட்டேன்ப்பா!"

அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் தீக்குச்சி இருந்தது. ஒரு சுற்றுக்கு ஒன்றாக எடுத்து வைத்திருக்கிறார். ஏழு.

சமிந்த விளக்கினான். முதலாவது வந்தவன் எட்டு முடித்ததும் கொடி காட்டிவிடுவார்கள், அதோடு எல்லோருக்கும் ரேஸ் முடிந்தது, ஒரு சுற்றுப் பின்தங்கினவனுக்கு ஏழுதான் வரும், சட்டப்படி அதுவும் முடித்த கணக்குத்தான் என்று இரண்டு பாஷையிலும் சொன்னான். அம்மா, "அதான் சட்டம்னு சொல்லுதே புள்ள, விடுங்களேன்" என்றார். லயத்துச் சனம் முழுக்க எனக்காக வாதாடியது. குமார் மட்டும் பைக் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டுன்னுதான பேச்சு" என்றார் அப்பா.

எல்லாம் முடிந்தது என்று நான் சாவியை நீட்டினேன். அப்பா அதை வாங்கவில்லை. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேரே தொப்பி மாத்தயாவிடம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வாழ்க்கையில் யாரிடமும் எதற்கும் போய் நிற்காத மனிதர், தோட்டத்துத் துரையிடம்கூடத் தனக்கென்று ஒன்று கேட்காத மனிதர், கையைக் கட்டிக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்.

"எக வட்டயயி, மாத்தயா. லமயாகெ வெட இவர நே."

ஒரே ஒரு சுற்று ஐயா, பிள்ளையின் வேலை இன்னும் முடியவில்லை.

மாத்தயா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். கை நாற்றம் அவரை எட்டியிருக்கும். இவர்தான் டயருக்குள் கையை விட்டவர் என்று அடையாளம் தெரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. சாப்பாட்டு நேரம், ட்ரெக் வெறுமையாக இருந்தது. "ஹரி, அப்பச்சி, யன்ன கியன்ன" என்று, சரி, போகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு மைக்கை எடுத்தார். அவர் மைக்கில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "நாற்றம் பிடித்த பைக் இப்போது தனது எட்டாவது சுற்றை ஓடும். தயவுசெய்து எல்லோரும் பார்க்கவும்."

அப்பா என்னிடம் திரும்பி வந்தார். "ஏழு சுத்துக்கு அரைப் பேருதான் போடுவாங்க. போ, முழுப் பேரு வாங்கிட்டு வா" என்றார்.

(வெளி ஆட்களுக்கு: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் ‘பேர்’. சொன்ன அளவு பால் கொண்டுவந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம்.)

அந்த எட்டாவது சுற்றை நான் தனியாக ஓடினேன். பின்னால் யாரும் இல்லை, முன்னால் யாரும் இல்லை, அப்படியும் நான் வேகமாக ஓட்டவில்லை. வளைவுக்கு வளைவு, விழுந்துவிடக்கூடாது, விழுந்துவிடக்கூடாது என்று தாத்தா சைக்கிள் மாதிரி ஓட்டினேன். நாற்றத்துக்கு ஓடினவர்கள் எல்லாம் சாப்பாட்டுப் பார்சலோடு கம்பிவேலிக்கு வந்து நின்று கத்தினார்கள். டயர்க்காரர் துள்ளினார். தொப்பி மாத்தயா எனக்கென்று தனியாகக் கட்டக்கொடியை எடுத்து ஆட்டினார். கை தட்டினவர்களில் குமாரும் இருந்தான், பாவம். அன்று முதலாவது வந்தவனுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் விழவில்லை. ஹெல்மெட்டுக்குள் நான் அழுதுகொண்டிருந்தது நல்லவேளை யாருக்கும் தெரியவில்லை.

அப்பா முன்னால் போய் நின்றேன். அவர் எட்டாவது தீக்குச்சியை எடுத்து, பீடியைப் பற்றவைத்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் பெருமையோடு இருந்திருப்பேன். திங்கட்கிழமை அம்மாதான் மலையில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். போன செவ்வாய்க்கிழமை மழைக்கு ஏற்கெனவே பால் குறைவாம். அதில் ஒரு போத்தல் காணாமல் போனதில் அளவு எட்டவில்லை. கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும், "வயசாயிருச்சு, இவருக்கு மரம் வெட்டத் தெரியல" என்று சொல்லி அரைப் பேர் போட்டிருக்கிறார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் அரைப் பேர். அப்பா அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை டயரைத் திறந்து பார்த்தபோதுதான் அந்தப் போத்தல் எங்கே போனது என்று அவருக்குத் தெரிந்தது. அப்படித் தெரிந்த பிறகுதான் அவர் கையை உள்ளே விட்டார். அப்படித் தெரிந்த பிறகுதான் எனக்கு முழுப் பேர் கேட்டுப் போனார்.

நான் வீட்டுக்குப் பின்னால் போய்ப் படங்கின் மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

அதே நேரம் அப்பா ஸ்டோரில் இருந்தார். ரொட்டிப் பையை அவிழ்த்து, அந்த இரண்டு கட்டியையும் ஒட்டுப்பால் நிறுக்கிற தராசில் வைத்திருக்கிறார். அறுநூறு கிராம். "எந்த மரத்துலருந்துங்க இது?" என்று கணக்கப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாராம்.

"எங்கூட்டுக்குப் பின்னுக்கு ஒரு மரம் நிக்குது. போன செவ்வாக்கிழம கொறஞ்ச பாலு அது. தோட்டத்துச் சாமான், எழுதிக்கங்க."

அன்று சாயந்தரத்துக்குள் தோட்டம் முழுக்க என் பைக் மரமாகிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான். நான் முடக்கில் திரும்பினால் பிள்ளைகள், "மரம் வருது, மரம் வருது" என்று கத்தும். என் கல்யாணத்தில் சமிந்த போட்ட பரிசுப் பார்சலைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன அமோனியாப் போத்தல் இருந்தது. என் பொண்டாட்டி வீட்டில் எல்லோருக்கும் முன்னால் அதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

கெரியரையும் அகலச் சீட்டையும் நான் திரும்பப் போட்டுவிட்டேன். ஹேண்டில் மட்டும் இன்னும் தாழ்ந்துதான் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை ட்ரெக்குக்கும் போகிறேன், இன்னும் கடைசியாகத்தான் வருகிறேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், பைக்கைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. இப்போது அவருக்கு முழங்கால் வலி. விடியற்காலையில் நான்தான் அவரைப் பின்னால் ஏற்றி, வாளியைக் கெரியரில் கட்டி, ரப்பர் மலையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறேன். நன்றி என்கிற வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் படிக்க மாட்டார், அந்தத் தைரியத்தில்தான்.

இன்னமும் மாலையில் பைக் சத்தம் கேட்டால் அவர் வாசலுக்கு வருகிறார். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மரம் இன்னிக்கு எப்புடி?"

"முழுப் பேருப்பா" என்பேன்.